பட்டறைப் பதில்கள்: காற்று வரும் வழி

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். சென்ற ஆண்டு எல்லோரும் அலாய் வீல் கேட்டார்கள். இந்த ஆண்டு ஏர் இன்டேக், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் ஃபில்டரும் குழாயும். ஒரே விஷயத்தைப் பல பக்கத்திலிருந்து கேட்டவர்களுக்கு இந்த இதழில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரேக், கிளட்ச் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். பிரேக்கே பிடிக்கவில்லை என்று எழுதியவர் மட்டும் இதழுக்காகக் காத்திருக்காமல் அருகிலுள்ள பட்டறைக்குப் போய்விடவும்.

என்னிடம் 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரும் அலுமினியக் குழாயும் சேர்ந்த செட்டை 16,500 ரூபாய்க்குப் பொருத்தித் தருவதாக ஒரு கடைக்காரர் சொல்கிறார். 8 குதிரைத்திறன் கூடுமாம், மைலேஜும் கூடுமாம். போடலாமா? பெயரைப் போட வேண்டாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. — வாசகர், திருப்பூர்

மைலேஜ் பேச்சை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். பெட்ரோல் இன்ஜினில் ஃபில்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே த்ராட்டில் என்றொரு தகட்டுக் கதவு இருக்கிறது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது திறப்பது இந்தக் கதவுதான்; உள்ளே வந்த காற்றை அளந்து, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜினின் கணினியான இ.சி.யூ. தெளித்துக்கொள்ளும். 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. சிக்னலில் வண்டி ஐடிலில் நிற்கும்போது கதவுக்கு முன்னால் காற்றழுத்தம் ஏறத்தாழ 97 கிலோபாஸ்கல். கதவுக்குப் பின்னால் 30 அல்லது 35. இவ்வளவு பெரிய அடைப்பை வேண்டுமென்றே வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் இருக்கும் ஃபில்டரை மாற்றுவது, அடுப்பங்கரைக் குழாயை முக்கால்வாசி மூடி வைத்துவிட்டு மொட்டை மாடித் தொட்டியின் பைப்பைப் பெரிதாக மாற்றுவது போன்ற வேலை. ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தால் உங்கள் கால் தன்னையறியாமல் மயிரிழை அதிகமாக மிதிக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் இதைச் சோதித்து வெளியிட்டது. எரிபொருளை இன்ஜெக்டர் தெளிக்கும் கார்களில், அடைத்துப்போன ஃபில்டரை மாற்றிப் புதியது போட்டும் மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. முழுதாக மிதித்து வேகமெடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரிந்தது. பழைய கார்புரேட்டர் வண்டியில் மட்டும் மைலேஜும் கொஞ்சம் அடிபட்டது. உங்கள் தாத்தாவின் பியட்டைப் பற்றிக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

அடுத்தது 8 குதிரைத்திறன். உங்கள் இன்ஜின் 80-ஐ ஒட்டிய குதிரைத்திறன் உள்ளது. 8 கூட வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்கு காற்று கூடுதலாக உள்ளே போக வேண்டும். அப்படியானால் இப்போதுள்ள ஃபில்டரும் பெட்டியும் பத்தில் ஒரு பங்கு காற்றைத் தடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தடுக்கிறதா? கடைக்காரர் சொல்வதையும் நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் நம்ப வேண்டாம். அளந்து பார்க்கலாம்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் தெரியுமல்லவா, அதே கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயில், இன்ஜினிலிருந்து காருக்குள் வந்து சேரும் அளவுக்கு நீளமாக வாங்குங்கள். ஒரு பலகையில் ‘யு’ வடிவில் வளைத்துக் கட்டி, இரண்டு பக்கமும் பாதி உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். தண்ணீரில் ஒரு சொட்டு நீலம் கலந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையில் செருக வேண்டும்; இன்ஜினின் மூச்சுக் குழாய், அதாவது வால்வு மூடியிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரும் ரப்பர் குழாய், வந்து சேரும் இடத்தில் ஒரு டி-மூட்டு போட்டால் வேலை முடிந்தது. மறுமுனை திறந்தே இருக்கட்டும். மீதிக் குழாயை ஜன்னல் வழியே உள்ளே கொண்டுவந்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஆள் நடமாட்டமில்லாத சாலையில் இரண்டாவது கியரில் 6,000 சுற்று வரை முழுதாக மிதியுங்கள். ஓட்டுபவர் பலகையைப் பார்க்கக் கூடாது. அதற்குத்தான் பக்கத்து ஆள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம் 10 சென்டிமீட்டர் என்றால் 1 கிலோபாஸ்கல் இழப்பு. அதாவது ஏறத்தாழ 1 விழுக்காடு. நல்ல நிலையிலுள்ள கம்பெனி ஃபில்டரில் இது 10, 20 சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. வித்தியாசம் 97 சென்டிமீட்டருக்கு வந்து நின்றால் கடைக்காரர் சொன்ன 8 குதிரைகளும் அங்கே அடைபட்டிருக்கின்றன என்று நானே ஒப்புக்கொள்கிறேன். அப்போதும், முதலில் பெட்டியைத் திறந்து உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மழைக்காலத்தில் ஏர் பாக்ஸ் எலிக்குப் பிடித்தமான இடம்.

இதுவரை சொன்னது பயனில்லாமை. இனி வருவது நஷ்டம். உங்கள் கம்பெனிக் குழாய் காற்றை எங்கிருந்து இழுக்கிறது என்று போய்ப் பாருங்கள். கிரில்லுக்குப் பின்னாலோ முகப்பு விளக்குக்குப் பக்கத்திலோ வாய் வைத்திருப்பார்கள், வெளிக்காற்று கிடைக்க வேண்டும் என்பதற்காக. கடைக்காரர் மாட்டப்போகும் கூம்பு, பானட்டுக்குள் திறந்தவெளியில், ரேடியேட்டரின் வெப்பக்காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் உட்காரும். சித்திரை வெயிலில் வெளியே 40 டிகிரி, சிக்னலில் நிற்கும்போது பானட்டுக்குள் 65 டிகிரி என்று வையுங்கள். அந்த 25 டிகிரியில் காற்றின் அடர்த்தி 7 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடும். சூடான காற்று போனால் இன்ஜின் தட்டும், அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும். தட்டாமல் இருக்க இ.சி.யூ. தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். அதிலும் கொஞ்சம் இழுவை போகும். வண்டி ஓடத் தொடங்கினால் சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு இழுவை வேண்டியிருப்பது சிக்னலிலிருந்து கிளம்பும்போதுதானே? கோளாறு பார்ப்பதற்காகக் காரில் வைத்திருக்கும் ஓபிடி பிளக்கில் செருகும் புளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நண்பர் யாராவது இந்தச் செட்டைப் போட்டிருந்தால் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைச் செல்பேசியில் வைத்துப் பார்த்துக்கொண்டே அவிநாசி சாலையில் ஒரு சுற்று போய்வாருங்கள்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். சில கார்களில் ஃபில்டரை அடுத்த குழாயிலேயே காற்றை அளக்கும் சென்சார் இருக்கும். அந்தக் குழாயின் விட்டத்தை வைத்துத்தான் அதற்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேறு விட்டமுள்ள குழாய் போட்டால் கணக்கு பிசகும். குழாய் பெரிதாக இருந்தால் பெட்ரோல் குறைவாகத் தெளித்து, பி 0171 என்ற குறியீட்டுடன் இன்ஜின் விளக்கு எரியும். நான் மேலே சொன்ன மூச்சுக் குழாய்க்குச் செட்டில் இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அதைத் தொங்கவிட்டுவிட்டுப் போவார்கள். பிறகு இன்ஜின் அந்த வழியாகப் புழுதியை வடிகட்டாமல் குடிக்கும்.

ஆனால் சத்தம் நன்றாக இருக்கும். அதில் பொய்யில்லை. கம்பெனிக் குழாயின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெற்றுப் பெட்டி எதற்கு என்று பலர் கேட்பார்கள்; காற்று உறிஞ்சும் இரைச்சலை அமுக்கத்தான். அதைக் கழற்றியதும் மிதிக்கும்போதெல்லாம் இன்ஜின் உறுமும். உறுமல் கேட்டால் வேகம் கூடியதாக மனம் நம்பிவிடும். 16,500 ரூபாய்க்கு அந்த உறுமல் வேண்டும் என்றால் வாங்குங்கள், உங்கள் காசு. குதிரைத்திறன் வேண்டும் என்றால் அதே காசில் புதிய காகித ஃபில்டர், நான்கு ஸ்பார்க் பிளக், த்ராட்டில் சுத்தம், வீல் அலைன்மென்ட், எல்லாம் முடித்துவிட்டு மீதியை வீட்டில் கொடுங்கள். சொல்லாமல் இருந்ததற்கு அது ஈடாகும்.

என்னுடையது 1.3 டீசல். இதே போன்ற செட் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. டர்போ விசில் அருமையாகக் கேட்கிறது, இழுவையும் கூடியிருக்கிறது. பெட்ரோலுக்குப் பயனில்லை என்றாலும் டீசலுக்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்வீர்களா? — வாசகர், பல்லடம்

விசிலை ஒப்புக்கொள்கிறேன். டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி; அது அன்றும் விசிலடித்துக்கொண்டுதான் இருந்தது. பெட்டி அந்தச் சத்தத்தை மூடி வைத்திருந்தது.

டீசலில் இழுவையைத் தீர்மானிப்பது காற்று அல்ல, தெளிக்கும் டீசல். கறுப்புப் புகை கக்காத அளவுக்கு எப்போதும் தேவைக்கு மேல் காற்று உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. இ.சி.யூ.வில் டீசல் அளவை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டினால் அது வந்த வழியே புகைக்குழாயில் போய்விடும். டர்போவின் வேலை மிகச் சிறிதளவு குறையலாம். அதை உங்கள் முதுகு உணர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

எனக்குக் கவலை வேறு. பல்லடம், காரணம்பேட்டைப் பக்கம் கல் குவாரி லாரிகளுக்குப் பின்னால் ஓட்டியவர்களுக்கு அந்தப் புழுதி தெரியும். கல்பொடி என்பது பெரும்பாலும் சிலிக்கா, இரும்பைவிடக் கடினம். அது ஃபில்டரைத் தாண்டினால் முதலில் டர்போவின் அலுமினிய இறக்கைகளின் முனையைத் தேய்க்கும், அடுத்தது சிலிண்டர் சுவரையும் ரிங்கையும். ஆயில் குறையத் தொடங்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். அன்றைக்கு அந்த 1.3 டீசலுக்கு ஆகும் செலவில் பத்து செட் வாங்கலாம்.

இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். கூம்பைக் கழற்றி, அதற்கு அடுத்த குழாயின் உள்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் ஆயில் ஈரம் மட்டும் தெரிந்தால் பயமில்லை. விரலில் நறநறவென்று பட்டால் பழைய பெட்டியைத் தேடி எடுங்கள். கடையில் விட்டுவிட்டு வரவில்லையே?

பெட்டியை மாற்றாமல், உள்ளே இருக்கும் காகித ஃபில்டருக்குப் பதிலாகக் கழுவிப் பயன்படுத்தும் பருத்தி ஃபில்டர் மட்டும் போட்டால்? ஆயுளுக்கும் ஒன்றே போதும் என்கிறார்களே. — வாசகி, பொள்ளாச்சி

வந்த கடிதங்களில் புத்திசாலித்தனமான கேள்வி இதுதான். வெளிக்காற்று வரும் வழி அப்படியே இருக்கிறது, சென்சார் குழம்பாது, மூச்சுக் குழாய் தன் இடத்தில் இருக்கும். 1969-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனத்தால் இந்த வகை உலகம் முழுவதும் பரவியது. பருத்தி வலையை மடித்து, ஆயில் தடவி, அந்த ஆயிலில் தூசியை ஒட்டவைப்பதுதான் உத்தி.

வாங்கும்போது தூசியைப் பிடிக்கும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். ஐஎஸ்ஓ 5011 என்ற முறைப்படி சோதித்த எண்ணைக் கடைக்காரரால் காட்ட முடியாவிட்டால், காகிதமே போதும். 98 விழுக்காடு பிடிப்பதும் 99 பிடிப்பதும் ஒன்றுபோலத் தோன்றும். தாண்டிப் போகும் புழுதியைக் கணக்கிட்டால் ஒன்று மற்றதைப்போல் இரண்டு மடங்கு.

மற்றதெல்லாம் கழுவுவதில் இருக்கிறது. அதற்கென்று விற்கும் திரவத்தில் ஊறவைத்து, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், சலவைத்தூள் எதுவும் கூடாது. கம்ப்ரசர் காற்று கூடவே கூடாது, வலை விலகிவிடும். நிழலில் முழுதாகக் காய வேண்டும். பிறகு ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் ஒரே ஒரு கோடு ஆயில். அது பரவி நிறம் சீராகும்வரை காத்திருந்து மாட்ட வேண்டும். தோசைக்கு ஊற்றுவதுபோல் தாராளம் காட்டினால் ஆயில் காற்றோடு போய்ச் சென்சாரின் சூடான கம்பியில் படிந்து, இல்லாத கோளாறையெல்லாம் காட்டும். இவ்வளவு பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சில நூறு ரூபாய்க் காகித ஃபில்டரைக் காலம் தவறாமல் மாற்றுவது மேல். கயிற்றுத் தொழிற்சாலைகளைச் சுற்றி ஓட்டுபவர்கள் நார்த்தூசிக்காகக் கையேட்டில் சொன்னதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது.

செட்டின் ஃபில்டரைப் பம்பருக்குக் கீழே, பனிவிளக்குக்குப் பின்னால் வைத்தால் குளிர்ந்த காற்று கிடைக்குமே? சூடு பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா? — வாசகர், வேளச்சேரி, சென்னை

சூடு தீர்ந்துவிடும். நீங்கள் முகவரியில் எழுதியிருக்கும் ஊர்தான் இடிக்கிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் எத்தனை கார்கள் இன்ஜின் உடைந்து நின்றன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1.2 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 300 மில்லிலிட்டர். அழுத்த விகிதம் 11 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 30 மில்லிலிட்டர்தான். இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர். அதற்கு மேல் உள்ளே போனால், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும். கம்பெனி ஏன் குழாயின் வாயைப் பானட்டின் மேல்விளிம்பில் கொண்டுபோய் வைத்தது என்பது இப்போது புரியும். நீங்கள் அதை முழங்காலுக்குக் கீழே கொண்டுவரப் பார்க்கிறீர்கள்.

ஃபில்டரை எங்கே வைத்திருந்தாலும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். தள்ளிக் கரையேற்றி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். ராட் தப்பித்திருந்தால் இன்ஜினும் தப்பும். தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து உடைத்ததற்குச் சாதாரண காப்பீட்டில் பணம் கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அதைச் சேர்த்திருந்தாலும், சொல்லாமல் மாட்டிய இன்டேக் செட்டைச் சர்வேயர் பார்த்தால் பேச்சு வளரும்.

இதற்கெல்லாம் போலீஸ் அபராதம் உண்டா? — வாசகர், ஈரோடு

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்து பதிவுச் சான்றிதழில் ஏறியிருக்கும் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பெட்டிக்குள் ஃபில்டரை மட்டும் மாற்றுவது சான்றிதழில் எதையும் மாற்றாது. திறந்த கூம்பு பானட்டுக்குள் இருப்பதால் சாலையில் யாரும் பார்க்கப்போவதில்லை. உறுமல் கேட்டு நிறுத்தினால்தான் பார்ப்பார்கள். நீங்கள் முதலில் சிக்கப்போவது போலீஸிடமல்ல, வாரண்டி கேட்டுப் போகும் சர்வீஸ் சென்டரில்.

எங்கள் கல்லூரி அணி ஃபார்முலா பாரத் என்ற மாணவர் பந்தயக் கார் போட்டிக்குக் கார் செய்கிறது. விதிப்படி எல்லாக் காற்றும் 20 மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் போக வேண்டும். பெரிய ஃபில்டர் போட்டால் இதை ஈடுகட்ட முடியுமா ஐயா? — மாணவர், கோவை

தம்பி, உன் கடிதம் வந்ததும் மற்றவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் உங்களைப் போன்றவர்கள் இரவெல்லாம் ஸ்பானரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது எனக்குத் திருவிழா மாதிரி.

20 மில்லிமீட்டர் துளையில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் கூடுதலாக வராது. கணக்குப் போட்டுப் பார். நம் ஊர் அழுத்தத்தில் நொடிக்கு ஏறத்தாழ 70 கிராம். அதுதான் உன் உச்சவரம்பு, எந்த ஃபில்டராலும் அதை உயர்த்த முடியாது. ஆனால் இதைக் கவனி: மேலே திருப்பூர்க்காரர் எழுதியிருக்கும் ஸ்விஃப்ட் 6,000 சுற்றில் முழுதாக மிதித்தால் குடிக்கும் காற்று நொடிக்கு 60 கிராம் சொச்சம்தான். அவர் கார் முழுவதும் உன் துளை வழியாக மூச்சுவிட்டுவிடலாம், துளைக்குப் பின்னால் அழுத்தத்தை மீட்டெடுக்கத் தெரிந்தால். உன் உழைப்பை அங்கே போடு. துளைக்கு முன்னால் வளைவான வாய்; பின்னால் மெல்ல விரியும் கூம்பு, அரைக்கோணம் 7 பாகைக்குள். அதைவிட வேகமாக விரித்தால் காற்று சுவரைவிட்டுப் பிரிந்து சுழலும், அழுத்தம் வீணாகும். அடுத்து, நான்கு சிலிண்டரும் விட்டுவிட்டு உறிஞ்சுவதைத் துளை உணராதபடி நடுவே போதுமான கொள்ளளவுள்ள பெட்டி. பெட்டி மிகப் பெரிதானால் மிதித்தவுடன் பதில் வராது. அதை ஓட்டுபவனிடம் கேட்டு முடிவு செய். வரிசை நினைவிருக்கட்டும்: முதலில் த்ராட்டில், பிறகு துளை, பிறகு இன்ஜின். மாற்றி வைத்தால் பரிசோதனையிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். 3டி அச்சில் செய்த கூம்பென்றால் உள்சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடு.

ஊட்டி ஏறும்போது கார் திணறுகிறது. ஏர் இன்டேக் போட்டால் சரியாகுமா? — வாசகர், மேட்டுப்பாளையம்

ஆகாது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கோவையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக அல்ல. கியரை ஒன்று குறைத்து ஓட்டுங்கள்.

அப்பாவின் பழைய டீசல் ஜீப்பில் ஃபில்டருக்கு அடியில் ஆயில் கிண்ணம் இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு நவீன ஃபில்டர் போடலாமா? — வாசகர், உடுமலைப்பேட்டை

வேண்டாம். காற்று ஆயிலில் மோதித் திரும்பும்போது கனமான தூசி அதிலேயே அமிழ்ந்துவிடும். மீதியை மேலே உள்ள கம்பிவலை பிடிக்கும். தோட்டத்து மண் பாதையில் மணிக்கணக்காக ஓடினாலும் அடைத்துக்கொள்ளாது. கிண்ணத்தின் அடியில் சேறு படிந்திருந்தால் வழித்துக் கழுவி, இன்ஜினுக்கு ஊற்றும் அதே ஆயிலை உள்ளே இருக்கும் குறி வரை மட்டும் ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றினால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையும் உறிஞ்சி எரித்து, சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும்.